கணக்குக் கொப்பியில் தொடங்குங்கள்: ஊர்க் கிரிக்கெட் கழகத்தின் கதையை எழுதுவது எப்படி

கழகத்துக்கு 40 வருடம் ஆகப்போகிறது, மலர் ஒன்று போட வேண்டும், "நீதானே கொஞ்சம் எழுதுவாய்" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, மற்ற எல்லாரும் அவசரமாகக் கைதட்ட, வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கழகம் எங்களுடையது. தோட்டம் என்றதும் தேயிலையை நினைக்க வேண்டாம். கொழும்பில் தோட்டம் என்றால் ஒரு ஒழுங்கைக்குள் நெருக்கிக் கட்டிய நாற்பது ஐம்பது வீடுகள், ஒரு பொதுக் குழாய், முனையில் ஒரு சுருவமோ வைரவரோ. அதுதான் எங்களுக்கு ஊர். சொந்த மைதானம் கிடையாது, பவிலியன் கிடையாது, ஒருவர் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டுதான் தலைமையகம். ஆறு மாதத்தில் முடித்திருக்கக்கூடிய வேலையை இரண்டரை வருடம் இழுத்தேன், பாதிக் காலம் தேடக்கூடாத இடத்தில் தேடியதால். நீங்களும் அப்படி அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரிய கழகங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. கொழும்பு கிரிக்கெட் கிளப் 1832இல் வந்தது, தமிழ் யூனியன் 1899இல் வந்தது; இலங்கைத் துடுப்பாட்டக்காரர் சதாசிவம் 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 அடித்ததும் முரளிதரன் எந்தக் கழகத்துக்கு ஆடினார் என்பதும் தேடினால் கிடைக்கும். நம்முடைய கழகத்தில் யார் எந்த ஞாயிற்றுக்கிழமை என்ன அடித்தார் என்பது நாலு கொப்பியிலும் ஏழெட்டுப் பேருடைய தலையிலும்தான் இருக்கிறது. அந்தத் தலைகளில் மூன்று இப்போது கனடாவில்.

சரி, எங்கே தொடங்குவது? கப்பில் தொடங்காதீர்கள். எல்லாரும் செய்கிற பிழை அதுதான். வெற்றிக் கிண்ணங்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்து, கீழே பட்டியல் போட்டால் வரலாறு வந்துவிடும் என்று நினைக்கிறோம். எங்களிடம் 31 கிண்ணங்கள் இருந்தன, அதில் 12இல் எழுத்தே இல்லை, ஒட்டியிருந்த தாள் உதிர்ந்துபோய்விட்டது. வென்ற நாள் மட்டுமே கப்பில் இருக்கும். தோற்ற ஞாயிறு, ஆள் சேராத ஞாயிறு, மழையில் நின்ற ஞாயிறு எதுவும் இருக்காது, அதுகள்தானே கழகத்தின் முக்கால்வாசி வாழ்க்கை.

பெரியவர்களிடமும் முதலில் போகாதீர்கள். அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் தேட வேண்டியது பொருளாளரின் கணக்குக் கொப்பி. சி.ஆர். கொப்பிதான் பெரும்பாலும், நீலமோ பச்சையோ மட்டை. கழகத்தின் பழைய பொருளாளர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதி, ஆட்களிடம் கேட்காமல் அவர்கள் வீட்டு அம்மாமாரிடம், மனைவிமாரிடம் கேளுங்கள். "ஐயோ அந்தக் கொப்பியா, கட்டிலுக்குக் கீழே ட்ரங்குப் பெட்டியில கிடக்கு" என்று அவர்கள்தான் சொல்வார்கள். கொஞ்சம் சீக்கிரமாகப் போங்கள். எங்கள் ஸ்கோர் புத்தகங்களில் ஒரு கட்டு, நான் கேட்கப் போன வருடத்துக்கு முந்திய வருடம்தான் போத்தல் பேப்பர்காரரிடம் நிறுத்துப் போயிருந்தது. எடைக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் வயிறு எரியும்.

கணக்குக் கொப்பி ஏன் என்றால், அது பொய் சொல்லத் தெரியாத கொப்பி. ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். 1991 நவம்பர் 10, ஞாயிறு. செலவு: டென்னிஸ் பந்து 2, மீன் பணிஸ் 9, கிம்புலா பணிஸ் 3, பிளேன்டீ 13, ஓட்டோ ஒரு பக்கம். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் முதலில் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது: தேநீர் 13 என்றால் அன்றைக்கு வந்தவர்கள் 13 பேர். மூன்று பேர் மீன் பணிஸ் எடுக்காமல் சீனி தூவிய கிம்புலா எடுத்திருக்கிறார்கள், ஏன் என்று பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அந்தக் கிழமை கந்தசஷ்டி. ஆக அந்த அணியில் மச்சம் தொடாதவர்கள் மூன்று பேர், மற்ற ஒன்பது பேருக்கு அது பிரச்சினை இல்லை, அதில் வேதக்காரரும் (கிறிஸ்தவர்கள்) முஸ்லிம் பெடியன்மாரும் இருந்தார்கள் என்பதை ஸ்கோர் புத்தகத்தில் பெயர்களைப் பார்த்துச் சரிபிடித்தேன். ஓட்டோ ஒரு பக்கம் மட்டும்தான் என்றால் திரும்பி நடந்துதான் வந்திருக்கிறார்கள், காசு முடிந்திருக்கும். பணிஸ் 12, தேநீர் 13, ஒரு ஆள் இடிக்கிறதே என்று கேட்டுத் திரிந்தேன். அவர் ஸ்கோர் எழுதியவராம். எழுதுகிற கையால் பணிஸ் தொட்டால் புத்தகத்தில் எண்ணெய் படும் என்று தேநீர் மட்டும்தான் குடிப்பாராம். எங்கள் புத்தகங்களில் அந்த இரண்டு வருடப் புத்தகம் மட்டும் ஏன் கறையே இல்லாமல் இருக்கிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

இது ஒன்றும் புது வித்தையில்லை. இங்கிலாந்தில் ஹம்ப்ஷயர் மாவட்டத்தின் ஹாம்பிள்டன் என்ற கிராமத்துக் கழகம், 18ஆம் நூற்றாண்டில் முழு இங்கிலாந்து அணியையும் தோற்கடித்த கழகம். 1777இல் ஒரு இன்னிங்ஸாலும் 168 ஓட்டங்களாலும் வென்றது. அதன் பழைய கூட்டக் குறிப்புகளில் பிரபலமான ஒன்று எது தெரியுமா? மழை நாள், மூன்று உறுப்பினர் மட்டும் வந்தார்கள், ஒன்பது போத்தல் வைன். அவ்வளவுதான் குறிப்பு. அந்த ஒரு வரியில் இருக்கிற கழகத்தை 168 ஓட்ட வெற்றியில் காண முடியாது. அவர்களுக்கு வைன், நமக்குப் பிளேன்டீ.

அடுத்தது ஸ்கோர் புத்தகம். மொத்த ஓட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பெயர்களை வருடம் வருடமாக ஒரு தாளில் இறக்குங்கள், யார் எந்தத் திகதியில் முதலில் வருகிறார், எந்தத் திகதியோடு நிற்கிறார் என்று. கணினி வேண்டியதில்லை, கோடு போட்ட பெரிய தாள் போதும். எங்கள் பட்டியலில் 1990களில் ஒரு விசித்திரம் தெரிந்தது: நாலு ஞாயிறு, ஐந்து ஞாயிறு வந்துவிட்டு மறைந்துபோகிற பெயர்கள். அதில் ஒருவர் மூன்று மெட்சில் இரண்டு அரைச்சதம், பிறகு ஆளே இல்லை. விசாரித்தால், வெளிநாடு போக வந்து லொட்ஜில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துப் பெடியன்மார். விசா வரும்வரை பந்து போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பெயர்களை எழுதும்போது கவனம் வேண்டும். வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு, சேராதவர்களும் உண்டு. ஆளையோ வீட்டாரையோ கண்டுபிடித்து அனுமதி கேட்காமல் முழுப் பெயர் போடாதீர்கள், "லொட்ஜில் இருந்து வந்த ஒரு தம்பி" என்று எழுதினாலும் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

இப்போது பெரியவர்களிடம் போகலாம். கொப்பி கையில் இருந்தால் கதை வேறு மாதிரி நடக்கும். வெறுங்கையோடு போய் "அங்கிள், அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்க" என்றால் வருவது ஒரே ஒரு சிக்ஸர்தான், அதுவும் ஒவ்வொரு வருடமும் பத்து யார் கூடிக்கொண்டே போகிற சிக்ஸர். அதுவே கொப்பியை விரித்து, "இந்த நாள் நீங்கள் ரன் அவுட் என்று இருக்கே, யார் ஓட விட்டது?" என்று கேளுங்கள். அந்த மனிதர் நிமிர்ந்து உட்காருவார். முப்பது வருடத்துக்கு முந்திய ரன் அவுட்டுக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது, நம்புங்கள். திகதி கேட்காதீர்கள், யாருக்கும் திகதி ஞாபகமிருக்காது. நடந்ததை இன்னொன்றோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள்: 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுக்கு முன்னா பின்னா? அதே வருடம் மார்ச் 17இல் லாகூரில் உலகக் கிண்ணம் வென்ற இரவுக்கு முன்னா பின்னா? செக்பொயின்டில் பையைத் திறந்து துடுப்பையும் ஸ்டம்பையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிய காலமா? அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்த தொடக்க ஆட்டக்காரர் மைதானத்துக்கு வந்து சேராமல் பத்துப் பேரோடு ஆடிய மெட்ச் எங்களிடம் ஒன்று இருக்கிறது. ஸ்கோர் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே வெறும் கோடு. ஏன் கோடு என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும், கொப்பி சொல்லாது.

ஆண்களோடு நின்றுவிடாதீர்கள். ஜேர்சி தோய்த்தவர்கள், சுற்றுப்போட்டி நாளில் நாற்பது பேருக்குச் சோற்றுப் பார்சல் கட்டியவர்கள், உடைந்த யன்னல் கண்ணாடிக்குக் காசு வாங்க வந்து நின்றவர்கள், இவர்களைக் கேட்காமல் எழுதிய கழக வரலாறு அரைக்கிணறு.

யார் தொடங்கியது, எந்த வருடம் என்பதில் சண்டை வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். நான் பழைய பதாகையைப் பார்த்து 1983 என்று எழுதி வட்ஸ்அப் குழுவில் போட, அன்றிரவே மூன்று பேர் குழுவை விட்டுப் போனார்கள். ஒருவர் 1981 என்கிறார், கழகம் பெயர் வைத்த நாளைச் சொல்கிறார். இன்னொருவர் 1979 என்கிறார், முதல் பந்து வாங்கிய நாளைச் சொல்கிறார். இதில் நீங்கள் நீதிபதி ஆகாதீர்கள். மூன்றையும் எழுதி, எது எதற்குச் சான்று என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். மூன்று பேரும் திரும்பி வந்தார்கள், ஒருவர் மட்டும் இன்னும் எனக்குப் பதில் போடுவதில்லை.

படங்களுக்குத் திகதி பிடிப்பது தனி விளையாட்டு. பின்பக்கத்தைப் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம். இல்லையென்றால் ஆட்களை விட்டுவிட்டு பின்னணியைப் பாருங்கள். தூரத்தில் தாமரைக் கோபுரம் பாதி எழுந்து நின்றால் 2012க்குப் பிறகு, முழுதாக நின்று விளக்கும் எரிந்தால் 2019க்குப் பிந்தியது என்று வைக்கலாம். கோட்டைப் பக்கம் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம் தெரியவேண்டிய கோணத்தில் தெரியவில்லையா, 1990களின் நடுப்பகுதிக்கு முந்தியது. படத்தில் எழுதுவதென்றால் பின்னால் பென்சிலால் மெதுவாக, பேனாவால் வேண்டவே வேண்டாம். லெமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருடத்தில் அந்த டேப்தான் படத்தைத் தின்னும்.

நனைந்த கொப்பி கையில் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், 2016 மே வெள்ளத்தில் வெல்லம்பிட்டியில் ஒரு அண்ணன் வீட்டில் பெட்டியோடு நனைந்ததால் கற்றுக்கொண்டது. வெயிலில் விரிக்காதீர்கள், தாள் சுருங்கி மை ஓடும். ஒட்டியிருக்கும் பக்கங்களை இழுக்காதீர்கள். பிரியும் இடங்களில் மட்டும் வெள்ளைத் தாள் சொருகி, மின்விசிறிக் காற்றில் நிழலில் வைத்து, தாள் ஊற ஊற மாற்றுங்கள். உடனே செய்ய நேரமில்லையா, பொலித்தீன் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள், பூஞ்சணம் பிடிக்காது, பிறகு ஆறுதலாகக் காயவிடலாம். வீட்டில் மீன் இருக்கிற இடத்தில் ஸ்கோர் புத்தகத்தை வைத்ததற்கு எனக்குக் கிடைத்த ஏச்சு தனிக் கதை. காய்ந்ததும் யன்னலோரம் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து கைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம் முதலில்: 1991-11-10. அப்படி வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வெளிநாட்டில் இருக்கிற ஒருவரிடம், ஒரு பிரதி நூலகம் நிறுவனத்துக்கு. 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் ஏற்றி வைப்பவர்கள், விளையாட்டுக் கழக மலர்களும் அங்கே இருக்கின்றன. உங்கள் கழகத்தின் முடிவுகள் எப்போதாவது பத்திரிகையில் வந்திருந்தால் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய வீரகேசரி, தினகரன் கட்டுகளைப் பார்க்கலாம். ஆனால் கணக்குக் கொப்பியிலிருந்து திகதியைக் கொண்டு போங்கள், சும்மா புரட்டினால் கண்தான் போகும்.

இனி எழுதுபவர்கள் எல்லாரும் மறக்கிற ஒன்று: விதிகள். கிரிக்கெட்டுக்கு விதி வகுக்கிற எம்.சி.சி.யின் விதியல்ல, உங்கள் ஒழுங்கையின் விதி. குத்தி எழும்பிய பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட். ஆச்சி வீட்டு மதிலைத் தாண்டினால் அவுட், அடித்தவரே போய்ப் பந்தை எடுத்து ஏச்சும் வாங்க வேண்டும். கம்பியில் பட்டால் அந்தப் பந்து கணக்கில் இல்லை. ஓட்டோ வந்தால் ஆட்டம் நிற்கும், ஹேர்ஸ் (சவ வண்டி) வந்தால் எல்லாரும் தொப்பி கழற்ற வேண்டும். இதுகளை இன்றைக்கு எழுதாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு இதெல்லாம் எதற்கு என்றே விளங்காது, ஏனென்றால் மதில் போய்விடும், ஆச்சி போய்விடுவார், அந்த இடத்தில் பதினாறு மாடி நிற்கும். ஒழுங்கையை ஒரு படமாகக் கீறி, எந்தப் பக்கம் எத்தனை ஓட்டம் என்று குறித்து வையுங்கள். நாடா எடுத்து ஆடுகளத்தையும் அளந்து பாருங்கள். விக்கெட்டுக்கு விக்கெட் 22 யார் இருக்க வேண்டும், 20.12 மீற்றர். எங்களுடையது அளந்தபோது 17 யார்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை: 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து போகிற வழியில் கொழும்பில் இறங்கி, இன்றைக்கு பி. சரவணமுத்து மைதானம் என்று சொல்கிற அதே ஓவலில் சதாசிவத்தின் இலங்கை அணியோடு ஆடியபோது, ஆடுகளம் இரண்டு யார் குறைவாக இருந்தது பிறகுதான் தெரியவந்தது.

இன்றைய கழகத்தை எழுதுவது பழையதை விடக் கஷ்டம். கண்ணுக்கு முன்னால் இருப்பதால் எதுவும் முக்கியமாகத் தெரியாது. நான் சொல்லும் வழி இது: ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக் காலையிலிருந்து இரவு வரை எழுதுங்கள். முதல் நாள் இரவு வட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு யார் யார்?" என்று கேள்வி விழுகிறது, 43 பேர் பார்த்திருக்கிறார்கள், நாலு பெருவிரல். விடிய ஆறரைக்குத் தலைவர் ஒவ்வொருவராக அழைக்கிறார். வேகப்பந்துக்காரர் சுப்பர் மார்க்கட்டில் ஷிப்ட், விக்கெட் காப்பாளர் பைக்கில் சாப்பாடு கொண்டு போகிற வேலை, மத்தியானம் ஓடர் குறைந்தால் வருவார். மைதானம் எட்டு மணி தொடங்கிப் பத்து மணிவரைதான், அதற்குப் பிறகு வேறு கழகம். சிங்களப் பெடியன் ஒருவன் பந்து போட ஓடி வரும்போது மூன்று மொழியில் கத்துகிறோம், ஏசுவது மட்டும் ஒரே மொழியில். இதெல்லாம் எழுதுங்கள். மென்பந்தா கடினப்பந்தா, மெட்சுக்கு எத்தனை ஓவர், ஆளுக்கு எவ்வளவு சந்தா, பந்து இன்றைக்கு என்ன விலை, எழுதுங்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று மெட்சைத் தவறவிட்டவர்கள், மின்வெட்டில் கழகக் கூட்டம் மெழுகுதிரியில் நடந்தது, அந்த வருடத்தோடு வெளிநாடு போனவர்களின் எண்ணிக்கை, இவற்றை இப்போதே எழுதிவிடுங்கள். எங்கள் முதல் பதினொன்றில் ஐந்து பேர் போய்விட்டார்கள். கழகத்துக்குக் காசு அனுப்புபவர்கள் கூடிவிட்டார்கள், பந்து போட ஆள் குறைந்துவிட்டது. புது ஜேர்சி, புது கிட் எல்லாம் இருக்கிறது, பத்துப் பேர் சேருவதே பாடு.

கைபேசியில் ஸ்கோர் எழுதும் ஆப் பாவிப்பவர்களுக்கு ஒன்று. நல்லதுதான், சராசரி எல்லாம் தானாக வரும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறையாவது அச்செடுத்துக் கோவையில் போடுங்கள். வட்ஸ்அப் குழுவையும் ஏற்றுமதி செய்து சேமியுங்கள். குழு நிர்வாகி கைபேசியைத் தொலைத்ததால் எங்களுக்கு 2018, 2019 இரண்டு வருடமும் கிட்டத்தட்ட வெறுமை. 1991ஐ விட 2018 பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. பதிவு விஷயம் ஒன்றும்: கழகம் இன்னும் பதியப்படவில்லை என்றால் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். யாப்பு, உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு எல்லாம் கேட்பார்கள். அலுப்புத்தான், ஆனால் அந்தச் சாட்டிலாவது ஒருவர் கூட்டக் குறிப்பு எழுதத் தொடங்குவார்.

மலர் அச்சிடும்போது வாழ்த்துச் செய்திகளை நாலு பக்கத்துக்குள் அடக்குங்கள். நான் பார்த்த ஒரு மலரில் வாழ்த்து 14 பக்கம், விளம்பரம் 20, வரலாறு ஒன்றரைப் பக்கம், அந்த ஒன்றரையிலும் அரைப் பக்கம் கிரிக்கெட் எப்படித் தோன்றியது என்று. வாழ்த்துத் தர விரும்புகிறவரிடம் "உங்களுக்கு ஞாபகமிருக்கிற ஒரு மெட்சைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். பாதிப் பேர் பின்வாங்குவார்கள், மீதிப் பேர் நல்லதாக ஏதாவது தருவார்கள்.

வந்ததும் முதல் பிரதிகளைக் கொப்பி தந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், பிறகு ஒன்று பேக்கரிக்கு. எங்கள் பேக்கரி முதலாளி மலரைக் கையில் வாங்கியதும் குழுப் படத்தைப் பார்க்கவில்லை, சாதனைப் பட்டியலைப் பார்க்கவில்லை, 1991 நவம்பர் 10ஆம் திகதிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "தம்பி, இந்தப் பன்னிரண்டு பணிசுக்கும் காசு இன்னும் வரல்லையே" என்றார். கொப்பியில் கொடுத்ததாகத்தான் இருக்கிறது. அடுத்த பதிப்பில் இரண்டையும் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.